கடல்நீர் பம்பின் இம்பெல்லர்: மாற்றுதலும் கழற்றியதை ஆராய்தலும்

படகின் உள்ளே பொருத்தப்படும் டீசல் எஞ்சின்களோடு நெடுநாள் பழகியவர்கள், எஞ்சின் மக்கர் செய்கிறது என்றதும் முதலில் ஐயுறுபவை இரண்டு: ஒன்று எரிபொருள், மற்றொன்று குளிர்விக்கும் நீர். இவற்றுள் இரண்டாவதைப் பொறுத்தவரை, எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தேவையில்லாத விலையுள்ளதும், சிறிய எஞ்சின்களில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடியதுமான ஒரு ரப்பர் சக்கரத்தைச் சார்ந்தே முழு ஏற்பாடும் இயங்குகிறது. கடல்நீர் பம்பினுள் சுழலும் இந்தச் சக்கரமே இம்பெல்லர் எனப்படுவது. தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு ஆகையால் அதை மாற்றுவது வழக்கமான பராமரிப்புப் பணிதான். ஆயினும் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவது இப்பணியில் ஒரு பாதி மட்டுமே என்பதும், கழற்றிய சக்கரம் எதனால் அந்நிலையை அடைந்தது என்று கண்டறிவதும் அதிலிருந்து உடைந்துபோன துண்டுகளைத் தேடி எடுப்பதும் மறுபாதி என்பதும் அனுபவத்தில்தான் பலருக்குப் புலப்படுகின்றன.

நீர் செல்லும் வழி

இன்றைய படகு டீசல்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு நீர்ச்சுற்றுகள் உள்ளன. முதலாவது, கூலன்ட் கலந்த நன்னீர் எஞ்சினுக்குள்ளேயே சுழன்று உலோகத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் மூடிய சுற்று. இரண்டாவது, கடலிலிருந்து நீரை இழுத்து அந்த வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு மீண்டும் கடலிலேயே கொட்டும் திறந்த சுற்று. இவை இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் வெப்பத்தை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் இடம் வெப்பமாற்றி எனப்படுகிறது; அதனுள் மெல்லிய குழாய்கள் கட்டாக அடுக்கப்பட்டிருக்க, பெரும்பாலான அமைப்புகளில் குழாய்களின் உள்ளே கடல்நீரும் வெளியே நன்னீரும் ஓடுகின்றன. கடல்நீர், படகின் அடியிலுள்ள கடல்வால்வு வழியாக நுழைந்து, பாசியையும் குப்பையையும் பிடித்துவைக்கும் வடிகட்டியைக் கடந்து, பம்பை அடைந்து, வெப்பமாற்றிக்குள் சென்று, இறுதியில் புகைக்குழாயின் வளைவில் புகையோடு கலந்து வெளியேறுகிறது.

நன்னீர்ச் சுற்றே இல்லாமல் கடல்நீரையே எஞ்சினுக்குள் ஓடவிடும் பழைய முறையும் உண்டு. யான்மார் நிறுவனத்தின் ஜிஎம் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அவ்வரிசையின் 3ஜிஎம்30 என்னும் மூன்று சிலிண்டர் எஞ்சின் நேரடிக் கடல்நீரால் குளிர்விக்கப்படுவது, பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்ட அதன் இணை எஞ்சின் வெப்பமாற்றி உடையது. கடல்நீர் மிகுதியாகச் சூடேறினால் அதில் கரைந்துள்ள உப்புகள் உலோகத்தின்மீது படியத் தொடங்கும் என்பதால், முதல் வகையில் தெர்மோஸ்டாட் 42 டிகிரி செல்சியஸ் அளவிலேயே திறக்கத் தொடங்க, இரண்டாம் வகையில் அது ஏறத்தாழ 71 டிகிரி வரை காத்திருக்கிறது. எவ்வகையாயினும் கடல்நீரை இழுத்துத் தரும் பொறுப்பு இம்பெல்லருடையதே.

இம்பெல்லர் இயங்கும் விதம்

இம்பெல்லரின் நடுவே ஓர் உலோகக் குடம் இருக்கிறது. அதைச் சுற்றி ரப்பராலான இதழ்கள், பட்டறைப் பேச்சில் பிளேடுகள், ஆரங்களாக நீண்டிருக்கின்றன. பம்பின் உட்சுவர் முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கத்தில் கேம் என்னும் மேட்டால் குறுக்கப்பட்டிருப்பதால், அந்த மேட்டின்மீது ஏறும் இதழ்கள் மடங்கித் தமக்கிடையே உள்ள நீரை வெளிவாயில் வழியே பிதுக்கித் தள்ளுகின்றன. மேட்டைக் கடந்தவுடன் நிமிர்ந்து இடைவெளியைப் பெரிதாக்கி, உள்வாயில் வழியே புதிய நீரை உறிஞ்சுகின்றன. குழாயில் காற்று நிறைந்திருந்தாலும் அதை வெளியேற்றிவிட்டுத் தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் இதனால் இந்தப் பம்புக்குக் கிடைக்கிறது.

அதே அமைப்பே இதன் பலவீனமும் ஆகிறது. இதழ்கள் எப்பொழுதும் பம்பின் சுவரிலும் மூடியிலும் உராய்ந்துகொண்டே சுழல்வதால், உராய்வைக் குறைக்கும் மசகாகவும் வெப்பத்தை அகற்றும் ஊடகமாகவும் கடல்நீரே இருந்தாக வேண்டியுள்ளது. கடல்வால்வை மூடியபடியே எஞ்சினை இயக்கிவிட்டாலோ, நீர் உள்ளே வரும் துளையை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டாலோ, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்திலேயே இதழ்களின் நுனி கருகத் தொடங்கிவிடலாம். கடல்நீருக்கான இம்பெல்லர்கள் பெரும்பாலும் நியோப்ரீனால் ஆனவை. இது 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய செயற்கை ரப்பர். எண்ணெயோ டீசலோ கலந்த நீரை இறைக்கும் பம்புகளுக்கு நைட்ரைல் என்னும் மற்றொரு ரப்பர் பயன்படுகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே கறுப்பாக இருப்பதால், வாங்கும்போது உருவத்தை மட்டும் ஒப்பிடாமல் உறுப்பு எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

முன்னறிவிப்புகள்

இம்பெல்லர் கெடத் தொடங்கியதை முதலில் அறிவிப்பது எஞ்சினின் வெப்பமானி அன்று. படகின் பின்புறத்தில் புகையோடு வெளியேறும் நீரே. வழக்கமாகக் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு விழும் நீர் மெலிவதும், புகையில் வெண்ணிற நீராவி கூடுவதும், ஈரமான சத்தம் மாறி வறண்ட, கனத்த ஒலி எழுவதும் தெளிவான குறிகள். வெப்பமானி நன்னீர்ச் சுற்றின் வெப்பத்தையே காட்டுவதால் அதன் முள் ஏறுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஆனால் புகைக்குழாயின் ரப்பர்ப் பகுதியும், புகையையும் நீரையும் ஒன்றாகத் தேக்கி வெளியேற்றும் பிளாஸ்டிக் கலமும் நீர் கலந்து குளிர்ந்த புகையை மட்டுமே தாங்கக்கூடியவை ஆதலால், அந்த இடைவெளியிலேயே அவை உருகிப் பழுதடையக்கூடும். புகைக்குழாயின்மீது கட்டப்படும் வெப்ப எச்சரிக்கைக் கருவி இக்காரணத்தாலேயே பயனுடையதாகிறது. அக்கருவி இல்லாத படகுகளில், எஞ்சினை இயக்கியவுடன் பின்புறம் எட்டிப்பார்த்து நீர் விழுவதை உறுதிசெய்துகொள்ளும் பழக்கமே அதற்கு ஈடாக நிற்கிறது.

கழற்றும் முறை

வேலையைத் தொடங்குமுன் கடல்வால்வை மூட வேண்டும். மூடியதும் எஞ்சின் சாவியை எடுத்து அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பது பலரும் பின்பற்றும் சிறந்த வழக்கம். சாவியைத் தேடிவரும் எவரும் வால்வைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால், மூடிய வால்வோடு எஞ்சினை இயக்கிப் புதிய இம்பெல்லரை நொடிகளில் கருக்கிவிடும் வாய்ப்பு இதனால் பெரிதும் குறைகிறது. பம்பின் அடியில் ஒரு துணியையோ தட்டையோ வைத்துக்கொண்டால், குழாயில் எஞ்சிய நீரோடு நழுவி விழும் திருகுகளும் எஞ்சினுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் தொலையாமல் தப்பிக்கின்றன.

பம்பின் மூடி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரையிலான சிறு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அவை பித்தளையாக இருப்பின் தலை எளிதில் மழுங்கிவிடும் ஆதலால், காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எல்லாத் திருகுகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல், மேலே உள்ள ஒன்றைத் தளர்த்தி விட்டுவைத்து மூடியைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் மூடியும் கேஸ்கெட்டும் கைநழுவிப் போகாமல் இருக்கும். இதழ்கள் எப்பக்கமாக மடங்கியுள்ளன என்பதை இந்நிலையிலேயே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது பின்னர் உதவும். மூடி எஞ்சினை நோக்கியோ எட்டாத மூலையிலோ அமைந்துள்ள படகுகளில், கைநுழையாத இடத்தில் போராடுவதைவிடப் பம்பை முழுவதுமாகக் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதே பெரும்பாலும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

சக்கரத்தை வெளியே எடுக்கும்போதே பம்புக்குச் சேதம் நேர்வது மிகுதி. இரண்டு ஸ்க்ரூடிரைவர்களை இருபுறமும் நுழைத்து நெம்பும் முறை பரவலானதே எனினும், நெம்பும் விளிம்பில் துணியோ மெல்லிய மரச்சில்லோ வைக்காவிட்டால் மென்மையான வெண்கல உடலில் பள்ளம் விழுந்துவிடும். மூடி அமரும் முகத்தில் விழும் அத்தகைய பள்ளம் பின்னர் நீர்க்கசிவாகவோ காற்று நுழையும் வழியாகவோ மாறும். குடத்தை வாய் அகன்ற குறடால் பிடித்து மெல்ல அசைத்து இழுப்பதோ, இதற்கென்றே விற்கப்படும் இழுப்பானைப் பயன்படுத்துவதோ பாதுகாப்பானது. குடத்தில் மரை வெட்டப்பட்டிருக்கும் வகைகளில், அதற்குரிய போல்ட்டை முறுக்கினாலே சக்கரம் தானாக வெளியேறும். தண்டையும் குடத்தையும் இணைக்கும் சிறு ஆப்பு சில பம்புகளில் தனியாகக் கழன்று விழக்கூடியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழற்றியதை ஆராய்தல்

வெளியே எடுத்த இம்பெல்லரைக் குப்பையில் எறியுமுன் நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வோர் இதழையும் விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். இதழின் அடியில், அது குடத்தோடு சேரும் மூலையில், நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழை வெடிப்பு மடக்கும்போது வாய்திறக்கும். இது வயதாலும் இடையறாத மடக்கத்தாலும் வருவது ஆகையால், மாற்றும் காலம் கடந்துவிட்டது என்பதைத் தவிர வேறொன்றையும் குறிப்பதில்லை. நுனிகள் தட்டையாகத் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தோ கருகிக் கெட்டியாகியோ இருந்தால், பம்பு நீரின்றி ஓடியிருக்கிறது என்று பொருள். இதழ்களின் விளிம்புகளில் அரித்தாற்போன்ற சிறு குழிகள் காணப்பட்டால், உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ தடை இருப்பதாகக் கொள்ள வேண்டும். நீர் தங்குதடையின்றி வராதபோது உண்டாகும் ஆவிக்குமிழிகள் வெடித்து ரப்பரை அரிப்பதே இதன் காரணம். அத்தகைய நிலையில் வடிகட்டியையும் கடல்வால்வையும் குழாயையும் சரிபார்க்காமல் புதிய சக்கரத்தை மட்டும் பொருத்தினால் அதுவும் விரைவில் அதே கதியை அடையும்.

இதழ்கள் ஊதிப் பிசுபிசுத்திருந்தால் எண்ணெயோ வேறு வேதிப்பொருளோ பட்டிருக்கிறது. மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டிருந்தால் எஞ்சின் நெடுங்காலம் இயங்காமல் கிடந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது, இதழ்கள் யாவும் நல்ல நிலையில் இருக்க, ரப்பர் மட்டும் உலோகக் குடத்திலிருந்து பிடிவிட்டுப் போயிருக்கும் நிலை. அப்பொழுது தண்டும் குடமும் சுழல, இதழ்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். மூடியைத் திறந்து மேலோட்டமாகப் பார்ப்பவர் குறையேதும் காணாமல் பழுதை வேறெங்கோ தேடுவார். குடத்தைக் குறடால் பிடித்துக்கொண்டு ரப்பரைக் கையால் முறுக்கிப் பார்ப்பது ஒன்றே இதைக் கண்டறியும் எளிய வழி.

காணாமற்போன இதழ்கள்

இதழ்களில் ஒன்றோ சிலவோ உடைந்து மறைந்திருந்தால், அவை எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் சக்கரத்தை வைத்து, கிடைக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக உடைந்த விளிம்போடு விளிம்பு பொருத்தி அடுக்கிவந்தால், இன்னும் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். பம்பின் வெளிக்குழாய் வளைவு, கியர்பெட்டி எண்ணெய்க்கான குளிர்விப்பான் இருப்பின் அதன் வாயில், வெப்பமாற்றியின் முனைமூடிக்குப் பின்னால் குழாய்க்கட்டு தொடங்கும் முகம் ஆகியவை துண்டுகள் வழக்கமாகத் தேங்கும் இடங்கள்; எஞ்சின் நின்றவுடன் நீர் பின்னோக்கி இறங்கும்போது அவை உறிஞ்சுகுழாய்க்குள்ளும் போயிருக்கலாம் என்பதால் அப்பக்கத்தையும் விட்டுவிடலாகாது.

தேடாமல் விட்டால் நேர்வது தனி வகைச் சிக்கல். வெப்பமாற்றியின் முகத்தில் தங்கிய துண்டு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது நீர்வேகம் குறைவாக இருப்பதால் ஓரமாகக் கிடந்து வழிவிடுகிறது; வேகம் கூடியதும் நீரின் அழுத்தத்தால் குழாய்களின் வாயில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கிறது. இதனால் துறைமுகத்துக்குள் சோதித்தபோது செவ்வனே இயங்கிய எஞ்சின், கடலில் முழு வேகத்துக்குக் கொண்டுவரும்போது மட்டும் சூடேறும்; புதிய இம்பெல்லர் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பழி தெர்மோஸ்டாட்டின்மீது விழும். துண்டுகளைக் கையால் எடுக்க இயலாத இடங்களில், நீர் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் நன்னீரைச் செலுத்திக் கழுவினால் அவை வந்தவழியே வெளியேறக்கூடும்.

பம்பின் உடலும் மூடியும்

காலியான பம்பின் உட்புறத்தையும் மூடியின் உள்முகத்தையும் விரல்நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். மூடியில் வட்டவட்டமாகக் கோடுகள் ஆழ விழுந்திருந்தால், நீர் வெளியே தள்ளப்படுவதற்குப் பதில் அந்தப் பள்ளங்களின் வழியே இதழ்களைத் தாண்டிப் பின்னோக்கி நழுவும். இம்பெல்லர் புதியதாக இருந்தும் நீர் போதாமல் வருவதற்கு இது பழகிய காரணம். மூடியைத் திருப்பி வெளிமுகத்தை உள்ளே வைப்பது தற்காலிகத் தீர்வாகும். அந்த வெளிமுகத்தில் நிறுவனப் பெயர் புடைப்பாகவோ பள்ளமாகவோ இருப்பின், சமதளமான கண்ணாடியின்மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து அதன்மீது மூடியைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பழைய கேஸ்கெட்டின் எச்சத்தைக் கத்தியால் சுரண்டாமல் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சில்லால் அகற்றுவது உலோக முகத்தைக் காக்கும்.

பம்பின் தண்டுப்பகுதியில், கடல்நீரைத் தடுக்கும் சீலுக்கும் எஞ்சின் எண்ணெயைத் தடுக்கும் சீலுக்கும் இடையே கீழ்நோக்கி ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அத்துளையில் நீர் சொட்டினால் முதல் சீலும் எண்ணெய் கசிந்தால் இரண்டாவதும் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். கசிவை நிறுத்துவதாக எண்ணி அத்துளையை அடைத்துவிடுவது பெருந்தவறு. ஏனெனில் வெளியேற வழியற்ற உப்புநீர் பின்னர் பேரிங்குக்குள்ளோ எஞ்சின் எண்ணெய்க்குள்ளோ புகும்.

பொருத்துதலும் முதல் இயக்கமும்

புதிய இம்பெல்லர், நீர் வந்துசேரும் முதல் சில நொடிகளில் வறண்ட நிலையில் உராயாதிருக்க மசகிட்டே பொருத்தப்பட வேண்டும். கிளிசரின், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம், சிலிகான் கிரீஸ் ஆகியவை ஏற்றவை. வண்டிகளுக்கு இடும் சாதாரண கிரீஸும் பெட்ரோலிய ஜெல்லியும் நியோப்ரீனை ஊதவைப்பவை ஆதலால் தவிர்க்கத்தக்கவை. வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையொன்றால் இதழ்களைச் சுற்றி இறுக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாக மடக்கிக்கொண்டு, தண்டின் ஆப்போ தட்டைப்பக்கமோ குடத்தின் காடிக்கு நேராக வருமாறு வைத்து, பம்பு சுழலும் திசையிலேயே முறுக்கியபடி உள்ளே தள்ளினால் சக்கரம் எளிதில் அமர்ந்துவிடும். பட்டை தானாகவே பின்னுக்கு நகர்ந்து வெளியில் நின்றுவிடும். இதழ்கள் சுழலும் திசைக்குப் பின்சாய்வாக மடங்கியிருக்க வேண்டும். கேஸ்கெட்டின் தடிமன் இம்பெல்லருக்கும் மூடிக்கும் இடையிலான இடைவெளியை நிர்ணயிப்பதால், கைக்குக் கிடைத்த தாளை வெட்டிப் போடுவதைவிட உரிய கேஸ்கெட்டையோ ஓ-ரிங்கையோ பயன்படுத்துவதே முறை. திருகுகளை எதிரெதிராக, மிதமான இறுக்கத்தில் முடுக்கினால் போதும்.

அதன்பின் கடல்வால்வைத் திறந்து, வடிகட்டியில் நீர் நிறைந்திருப்பதையும் அதன் மூடி காற்றுப்புகாமல் அமர்ந்திருப்பதையும் பார்த்து எஞ்சினை இயக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் பின்புறத்தில் நீர் விழாவிட்டால் உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே நல்லது. எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் மீண்டும் மீண்டும் சுழற்ற நேர்ந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு: பம்பு இழுத்துத் தரும் நீரை வெளியே தள்ளப் போதிய புகை இல்லாததால், அது புகைக்குழாயின் கலத்தில் நிரம்பி எஞ்சினின் சிலிண்டருக்குள்ளேயே திரும்பக்கூடும். அத்தகைய வேளையில் கடல்வால்வை மூடிக்கொண்டு சுழற்றி, எஞ்சின் பற்றியவுடன் திறப்பது வழக்கம்.

காலமும் கையிருப்பும்

மாற்றும் கால இடைவெளியை எஞ்சினின் கையேடே தீர்மானிக்க வேண்டும். எனினும் ஆண்டுக்குச் சில வாரங்களே ஓடும் பொழுதுபோக்குப் படகுகளின் உரிமையாளர்கள் பலர், மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். குளிர்நாடுகளில் படகைக் கரையேற்றும் பருவத்தில் இம்பெல்லரைக் கழற்றிவைப்பது, ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து இதழ்கள் விறைத்துப்போவதைத் தடுக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருப்பதால், கடல்நீர் பம்பு கொண்ட எஞ்சின் பொருத்திய விசைப்படகுகளுக்கு அந்நாட்களே இதற்கு உகந்தவை: தடை தொடங்கியதும் கழற்றி ஆராய்ந்து, கடலுக்குப் புறப்படுமுன் புதியதைப் பொருத்தலாம். சேறும் மணலும் கலங்கிய ஆழமற்ற முகத்துவாரங்களின் வழியே நாள்தோறும் சென்றுவரும் படகுகளில் தேய்மானம் விரைவாக இருக்கும் என்பதால், அவற்றுக்கு இடையிலும் ஒரு சோதனை தேவைப்படுகிறது.

படகில் எப்பொழுதும் இருக்க வேண்டியவை: உரிய உறுப்பு எண்ணுள்ள உதிரி இம்பெல்லர், கேஸ்கெட், மூடிக்கான மாற்றுத் திருகுகள், மசகு, இவ்வேலைக்குரிய கருவிகள். ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் கெடக்கூடியது ஆகையால் உதிரியை உறையிலிட்டு நிழலில் வைக்க வேண்டும். கழற்றிய பழையதைப் புதிய உதிரி என்று சேமித்துவைப்பது பயனற்றது. மாற்றிய நாளையும் எஞ்சின் மணிக்கணக்கையும் கழற்றியது இருந்த நிலையையும் குறித்துவைத்தால், அடுத்த மாற்றத்துக்குரிய காலத்தை அக்குறிப்பே சொல்லும். உதிரியோடு வரும் கேஸ்கெட் உண்மையில் பொருந்துகிறதா, திருகுகளுக்குக் கை எட்டுகிறதா, இழுப்பான் நுழைய இடமிருக்கிறதா என்பவை கட்டித்துறையில் நின்று ஒருமுறை முழுவதுமாகச் செய்துபார்த்தால்தான் தெரியவரும். ஆதலால் புதிதாக ஒரு படகை வாங்கியவர், ஓடிக்கொண்டிருக்கும் இம்பெல்லர் நன்றாகவே இருந்தாலும், முதல் நெடும்பயணத்துக்கு முன்பே அதை மாற்றிப் பழகிக்கொள்வது நல்லது.